பேர்ள் ஹார்பர் தாக்குதலையும் 2001 செப்டெம்பர் 11 தாக்குதலையும் ஒப்பிடுவது சரியா?

தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் பலர் செய்வதுபோல இறந்தவர்களின் தொகையைப் பக்கம் பக்கமாக வைத்து (அங்கே 2,403, இங்கே கிட்டத்தட்ட 3,000) எது பெரிது என்று பார்ப்பதில் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் ஏதோ கட்டுரைக்கோ விவாதப் போட்டிக்கோ தயாராகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இரண்டு இடத்திலும் ஒரே விஷயத்தைத் தேடுங்கள். முதல் எச்சரிக்கை எப்போது வந்தது, யார் கைக்கு வந்தது, அவர் அதை என்ன செய்தார்?

நான் திருகோணமலைக்காரன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. 1941 டிசம்பரில் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரை அடித்த அதே ஜப்பானியத் தளபதி நகுமோதான் நான்கு மாதம் கழித்து எங்கள் கடலுக்கும் வந்தார். விமானங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அதே ஃபுச்சிடா. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு. ஏப்ரல் 9, வியாழக்கிழமை திருகோணமலை.

கொஞ்ச வருடங்களுக்கு முன் டொரொண்டோவிலிருந்து அக்காவின் மகன் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் பேர்ள் ஹார்பர் படித்த பிள்ளை. சாப்பிடும்போது, "மாமா, இஞ்ச அப்பிடி ஒண்டும் நடக்கேல்லத்தானே?" என்றான். எனக்குச் சுரீரென்றது. அடுத்த நாள் காலையிலேயே நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வரிசை வரிசையாக நிற்கும் கற்களில் இருபது, இருபத்திரண்டு வயதுகளை அவன் வாசித்துக்கொண்டே போனான். அப்போதுதான் பேர்ச்சல் பற்றிச் சொன்னேன். அவன் நாட்டு விமானி, கனடாக்காரர். கொக்கலையிலிருந்து கற்றலினா கடல் விமானத்தில் போய், ஏப்ரல் 4 அன்று தெற்கே அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியவர். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்தினார்கள். போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். பையனுக்கு அந்தப் பெயரே தெரியாது. அது அவன் பிழை இல்லை, எங்கள் பிள்ளைகளுக்கும்தான் தெரியாது.

அந்த ஒரு செய்தியால் என்ன மாறியது என்பதுதான் உங்கள் ஒப்பீட்டுக்குத் தேவை. ஹவாயிலும் எச்சரிக்கை வந்தது. அன்று காலை ஏழு மணி கழிந்ததும் ரேடாரில் இருந்த இரண்டு சிப்பாய்கள் பெரிய விமானக் கூட்டம் வருவதைக் கண்டு சொன்னார்கள். கேட்ட அதிகாரி, எங்கள் விமானங்களாகத்தான் இருக்கும், விடுங்கள் என்றார். பேர்ச்சலின் செய்தி கொழும்புத் தாக்குதலுக்கு முந்தியது. இங்கே திருகோணமலைப் பக்கம் ஏப்ரல் 8 அன்று திரும்பவும் ஒரு விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டது. அன்றிரவே துறைமுகத்தில் இருந்த கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். டொக்யார்டில் வேலை செய்த என் அம்மப்பா, விடிந்து பார்த்தால் குடா வெறுமையாகக் கிடந்தது என்று சொல்வார். அம்மம்மாவையும் பிள்ளைகளையும் அதற்கு முன்பே தம்பலகாமத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். ரேடாரும் அன்று வேலை செய்தது. சீனக்குடா விமானத் தளத்திலிருந்து விமானங்கள் எழும்பிச் சண்டை போட்டன.

அப்படியும் அடி விழுந்தது, அதை மறைக்கவில்லை. எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் விழுந்து நாள் கணக்கில் எரிந்தது. பாதுகாப்புக்கென்று வெளியே போன ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை, அதில் ஒரு விமானமும் இல்லாத நேரத்தில் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அதில் 307 பேர் போனார்கள். ஆனால் கப்பல்கள் எல்லாம் குடாவுக்குள்ளேயே கட்டிக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜப்பான் ஓர் அரசு, அல்கைதா ஓர் இயக்கம், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. நோக்கம் வேறு, ஆயுதம் வேறு, குறியும் வேறு. எச்சரிக்கை போய்ச் சேர்ந்த மேசையைப் பற்றித்தான் பேசுகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று, பின்லாடன் அமெரிக்காவுக்குள் தாக்கத் தீர்மானித்திருக்கிறார் என்ற குறிப்பு ஜனாதிபதியின் கைக்கே போனது. வெள்ளைக்காரன் கப்பலுக்காக ஏன் அழுகிறாய் என்றும் கேட்பார்கள். குண்டு விழுந்த இடத்தில் கூலி வேலை செய்தவர்கள் எங்கள் ஆட்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது 2019 இல் இலங்கையில் நடந்த குண்டுத் தாக்குதல். அதுவும் உயிர்த்த ஞாயிறு. ஏப்ரல் 4 அன்றே இந்தியாவிலிருந்து தகவல் வந்தது. தாக்குதல் நடந்தது 21 அன்று. இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் செத்தார்கள். 1942 இல் ஒரு விமானி உயிரைப் பணயம் வைத்து ஒரு நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். 2019 இல் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அவ்வளவு நாட்கள் சும்மா கிடைத்தன. தடுக்கத் தவறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் நட்ட ஈடு கட்டச் சொல்லி இலங்கை உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்புக் கொடுத்தது. போன உயிர்களுக்கு அது போதுமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். என் மகள் உள்ளூர் வரலாறு ஒப்படைக்கு ஏப்ரல் 9 ஐ எடுத்து, ஊரில் வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பாடப்புத்தகத்தில் இல்லை, வேறு தலைப்பு எடு என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். வெந்நீரூற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் பிறந்த பிள்ளை இதை எங்கே போய்ப் படிக்க வேண்டும்?

சரி, உங்கள் கட்டுரையில் திருகோணமலைக்கும் ஒரு பத்தி கொடுங்கள். ஹேர்மிஸ் மூழ்கியது மட்டக்களப்புக் கடலில், எங்கள் துறைமுகத்துக்குள் இல்லை. நிறையப் பேர் அதைப் பிழையாக எழுதுகிறார்கள்.