முகத்தில் பலத்த அடிபட்ட பிறகும் மேடைக்குத் திரும்பிய நடிகர் யாராவது உண்டா?

உண்டு. கேள்வியைப் பார்த்ததுமே எனக்கு நினைவுக்கு வந்தவர் எர்ன்ஸ்ட் புஷ். ஜெர்மன் நாடக நடிகர், பாடகர்.

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய நாட்களில் இவர் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். குழைவான குரல் இல்லை. கணீரென்று, எதிரே நின்று நம்மிடமே பேசுவது போல இருக்கும்.

1900-ல் கீல் துறைமுக நகரத்தில் பிறந்தவர். அங்கே கப்பல் கட்டும் தளத்தில் தொழில் பழகிவிட்டுத்தான் நாடகத்துக்கு வந்தார். 1920களின் கடைசியில் பெர்லினில் இடதுசாரி இயக்குநர் பிஸ்கேட்டரின் மேடை, நாடகாசிரியர் பிரெக்டின் நாடகங்கள், இசையமைப்பாளர் ஐஸ்லரின் இசையில் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டு என்று ஓயாத வேலை. அப்போது புகழின் உச்சியில் இருந்த பாடகர் ரிச்சர்ட் டௌபரை வைத்து, இவரைத் 'தடுப்பரண் டௌபர்', அதாவது தெருப் போராட்டங்களின் டௌபர் என்றே கூப்பிட்டார்கள்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறினார். ஹாலந்து, பெல்ஜியம், மாஸ்கோ, அப்புறம் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயின். அங்கே பாசிசத்தை எதிர்த்துப் போரிடப் பல நாடுகளிலிருந்து வந்த தொண்டர்களான சர்வதேசப் படையினருக்காகப் பாடினார். 1938-ல் பார்சிலோனாவில் பதிவான இசைத்தட்டுகளில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தார்கள்: விமானத் தாக்குதலின்போது மின்சாரம் தடைபட்டதால் பதிவில் குறை இருக்கிறது என்று. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அந்தப் பாட்டுகளைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1940-ல் பெல்ஜியத்தில் பிடிபட்டு, பிரான்சில் முகாம்களில் அடைபட்டார். ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தபோது மறுபடி மாட்டி, நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் கையில் சிக்கி, பெர்லின் மோவாபிட் சிறைக்குப் போனார். தேசத்துரோக வழக்கு, மரண தண்டனைகூடக் கிடைத்திருக்கலாம். 1943 நவம்பரில் அந்தச் சிறை மீதே குண்டு விழுந்தது. தலையில் பலத்த காயம். உயிர் பிழைத்தார், ஆனால் முகத்தின் ஒரு பாதி செயலிழந்துவிட்டது. நடிகருக்கு முகம், பாடகருக்கு உதடு, இரண்டிலும் பாதி போய்விட்டது.

வழக்கில் அவரைக் காப்பாற்றியவர் குஸ்டாஃப் கிருண்ட்கென்ஸ். நாஜி ஆட்சியில் பெர்லின் அரசு நாடக அரங்கின் தலைவராக இருந்தவர். இருவரும் இளவயதில் கீல் மேடையில் இருந்தவர்கள். அவர் வழக்கறிஞர்களை அமர்த்தினார். புஷ்ஷின் குடியுரிமையை முன்பே பறித்துவிட்டீர்கள், ஜெர்மானியரே இல்லாதவர் எப்படி ஜெர்மனிக்குத் துரோகம் செய்ய முடியும் என்பதுதான் வாதம். தண்டனை நான்கு ஆண்டுச் சிறையோடு நின்றது. போர் முடிந்து சோவியத் படை கிருண்ட்கென்ஸைச் சிறைவைத்தபோது, அவர் வெளியே வரக் குரல் கொடுத்தவர்களில் புஷ்ஷும் ஒருவர். இவர் வாழ்க்கையில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருடைய மிகப் பெரிய வேடங்களில் பல அந்தக் காயத்துக்குப் பிறகு வந்தவை. 1954-ல் பிரெக்டின் 'காகேசிய வெண்கட்டி வட்டம்' நாடகத்தில் நீதிபதி அஸ்டாக், பாடகர் என்ற இரண்டு வேடங்களும் அவருக்கே. அதே காலத்தில் கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தில் மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வேடம். பிரெக்ட் எழுதிய கலிலியோ நாடகத்தின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, 1956-ல், பிரெக்ட் இறந்துபோனார். 1957 ஜனவரியில் அது அரங்கேறியபோது கலிலியோவாக நின்றவர் புஷ்.

போருக்குப் பிறகு அவர் வாழ்ந்த கிழக்கு ஜெர்மனியிலும் எல்லாம் சுமுகமாக இல்லை. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களோடு மோதல் வந்தது. போர் முடிந்ததும் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனமும் கையை விட்டுப் போனது. 1961-ல் உடல்நலம் கெட்டு மேடையை விட்டார். ஆனால் பாட்டை விடவில்லை. பழைய பாடல்களைத் தொகுப்புத் தொகுப்பாகப் புதிதாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். 1980-ல் காலமானார். மறு ஆண்டே பெர்லின் நடிப்புக் கல்லூரிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

நேரம் கிடைத்தால் 1938 பதிவு ஒன்றையும் 1960களின் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரலில் வயது தெரியும். சொற்களின் தெளிவு மட்டும் அப்படியே இருக்கும்.