விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே?

கேள்வி: நான் பத்திரிகையாளன், இந்திய பாஸ்போர்ட். பி1/பி2 விசாவில் (தொழில் சந்திப்பு, சுற்றுலாவுக்கான தற்காலிக விசா) அமெரிக்கா போனேன். ஒரு பேட்டி எடுக்க வந்திருப்பதாகச் சொன்னதும் தனி அறைக்கு அழைத்துப்போய் பல மணி நேரம் விசாரித்தார்கள். போனைத் திறக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் கையில் விலங்கு மாட்டி விமானம் ஏற்றிவிட்டார்கள். இனி அங்கே போகவே முடியாதா? அவர்கள் நடந்துகொண்ட விதத்தைக் கேட்க வழி உண்டா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பேட்டி எடுக்கப் போனவருக்கு விலங்கு மாட்டியதைப் படிக்கவே வேதனையாக இருக்கிறது. ஆனால் திரும்பப் போக முடியுமா என்பது, அந்த அறையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளைப் பொறுத்தது. முதலில் அதைத் தேடி எடுங்கள். அடியில் படிவ எண் இருக்கும்.

ஐ-275 என்றால், நீங்களாகவே நுழைவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகப் பொருள். கையில் இருந்த விசா ரத்தாகியிருக்கலாம், ஆனால் தடைக்காலம் கிடையாது. ஐ-860 என்றால் உடனடி வெளியேற்ற உத்தரவு. பொதுவாக 5 ஆண்டு தடை. அதற்குள் போயே ஆகவேண்டுமென்றால் ஐ-212 படிவத்தில் தனி அனுமதி கேட்கலாம். இந்த உத்தரவை நீதிமன்றத்தில் எதிர்ப்பது மிகக் கடினம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செய்தி சேகரிக்க பி விசா செல்லாது, ஊடகத்தாருக்கான 'ஐ' விசா வேண்டும். மாநாட்டில் வெறுமனே கலந்துகொள்ள பி போதும். அதையே செய்தியாக எழுதப் போனால் போதாது. அதனால் அனுமதி மறுத்ததில் சட்டப்பிழை காண்பது கஷ்டம். நீங்கள் உண்மையைச் சொன்னது நல்லது. சுற்றிப்பார்க்க வந்தேன் என்று பொய் சொல்லி மாட்டியிருந்தால் ஆயுள் முழுக்கத் தடை வந்திருக்கும்.

நடத்திய விதம் தனி விஷயம். சோதனை அறையில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாகக் கிடையாது. போனைக் கையால் புரட்டிப் பார்க்கக் காரணம் தேவையில்லை. ஆனால் கருவியோடு இணைத்து ஆராய, 2018-ம் ஆண்டு எல்லைப் பாதுகாப்புத் துறை உத்தரவுப்படி நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ இருக்கவேண்டும். பத்திரிகையாளரின் தொழில் குறிப்புகளைத் தனிக் கவனத்தோடு கையாளச் சொல்வதும் அதே உத்தரவுதான். உங்கள் புகாரை இங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, அமெரிக்காவின் தகவல் அறியும் சட்டத்தின்படி உங்கள் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கேள்வி பதிலாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் உங்களிடம் இனிஷியல் வாங்கிய வாக்குமூலம் அதில் இருக்கும். நீங்கள் சொல்லாதது ஏதாவது அதில் ஏறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். விலங்கால் காயம் பட்டிருந்தால் மருத்துவச் சான்று எடுத்து வையுங்கள்; இழப்பீட்டுக் கோரிக்கையை 2 ஆண்டுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அப்புறம், நேரம், அறை, அதிகாரியின் பேட்ஜ் எண், யார் என்ன கேட்டார் என்பதையெல்லாம் நினைவில் இருக்கும்போதே இன்று இரவே எழுதி வைத்துவிடுங்கள்.