மலைப் பள்ளத்தாக்குக்கு மாற்றலாகிப் போகிறேன். குளிர்காலம் முழுக்க மேகமூட்டமாம். மனசு சோர்ந்துபோகாமல் இருக்க என்ன வழி? பார்க்க அழகாக ஏதாவது இருக்குமா?

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. வெயில் ஊர்க்காரர், முதல் தடவையாக வெளியே போகிறீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன். நான் விருதுநகர்க்காரி. வங்கி வேலையில் ஸ்ரீநகருக்குத் தூக்கியடித்தார்கள். இரண்டு குளிர்காலம் அங்கே கழிந்தது.

குல்மார்க்கில் நாலு நாள் பனியில் உருண்டு போட்டோ எடுத்தவர்கள் "சொர்க்கமாச்சே, இவளுக்கென்ன" என்று சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது டவுனுக்குள் வாடகை வீட்டில் இருந்து தினமும் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புகிற வாழ்க்கையை.

சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாளை அங்கே 'சில்லாய் கலான்' என்பார்கள், பெருங்குளிர். கனத்த குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். விறகுப் புகையும் மூடுபனியும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். காலை பதினொரு மணியும் சாயங்காலம் நாலு மணியும் ஒரே நிறம், தேய்க்காத அலுமினியச் சட்டி நிறம்.

முதல் ஜனவரியில் துவைத்துப் போட்ட சுடிதார் நாலு நாள் கொடியில் கிடந்து, எடுத்தால் அட்டை மாதிரி விறைத்து நின்றது. அன்றைக்கென்று பார்த்து அம்மா மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டு வீடியோ அனுப்பினாள். கண் கூசுகிற வெயில். அழுதுவிட்டேன். வெயிலுக்காக அழுத முதல் விருதுநகர்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கார ஆன்ட்டி பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துப் பரணுக்குக் கூட்டிப்போனார். தகரக் கூரைக்கடியில் கயிறு கயிறாகத் தொங்கியது: வட்டமாக அரிந்த தக்காளி, பிளந்த கத்தரிக்காய், சுருண்டுபோன சுரைக்காய். பனியில் பாதை அடைபட்டால் காய்கறி வராது என்று அந்தக் காலத்திலிருந்தே வெயில் இருக்கும்போது காயவைத்து எடுத்துவைக்கிற பழக்கம். அந்த மங்கலில் தக்காளி மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு வத்தல் டப்பாவைத் திறந்த வாசம். அட, இவர்களும் நம்ம மாதிரி வத்தல்காரர்கள்தான்!

"மேகத்துக்கா அழுகிறாய்? நாங்கள் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறோம்" என்றார். வானம் தெளிந்திருந்தால் ராத்திரிக் குளிர் இன்னும் கொடுமை, குழாயெல்லாம் உறைந்துவிடும். மேகம் போர்வை மாதிரி. அதோடு இந்த நாற்பது நாளில் மலையில் விழுகிற பனிதான் கெட்டிப்பட்டு நின்று, கோடையில் உருகி ஜீலம் ஆற்றுக்கு வரும். 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியில்லாமல் காய்ந்து கிடந்தபோது மழைக்கும் பனிக்கும் தொழுகை வைத்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கரிசல்காட்டில் மேகம் பார்த்தே வளர்ந்தவள் நான்.

அதற்கப்புறம் சாம்பல் நிறத்தில் மற்ற நிறங்கள் எடுப்பாகத் தெரிய ஆரம்பித்தன. உப்பு டீ என்று ஒன்று. இலையைச் சோடா உப்போடு வெகுநேரம் கொதிக்கவிட்டுப் பால் ஊற்றினால் ரோஜா நிறத்துக்கு வரும். முதல் வாய் பிடிக்காது, நிறத்துக்காகவே குடித்தேன். அப்புறம் காங்கிரி. பிரம்பு பின்னிய மண்சட்டியில் கரித்தணல். கரண்டியால் லேசாகக் கிளறினால் சாம்பலுக்கடியில் ஆரஞ்சு கண் விழிக்கும். கரண்ட் போன ராத்திரிகளில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். (தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள். தணலைப் பார்த்தால் சரியாகும் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள்.)

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது, ஸ்ரீநகர் பக்கத்துப் பாம்பூரில் விளைகிற குங்குமப்பூ. நான் அழுத அந்த மாதம் "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு சொந்தக்காரர் கேட்கவில்லை. "மருமகள் முழுகாம இருக்கா, பாம்பூர் பூ பத்து கிராம் அனுப்பும்மா" என்று ஏழு பேர். ஒரு கிராமுக்கு நூற்றைம்பது பூவாவது பறிக்க வேண்டும், விலை தெரியுமா? காசு கொடுத்தது ஒருவர். குழந்தை சிவப்பாகப் பிறக்கவில்லை என்று குறைப்பட்டது இருவர். சரி, விடுங்கள்.

இரண்டாம் வருடம் முதல் பனி விழுந்த அன்று, கேஷ் கவுண்டர் பையன் "மேடம், அவசரம்" என்று ஒரு கவரை நீட்டினான். வாங்கினேன். சில்லென்றது, உள்ளே ஒரு கைப்பிடி பனி. கிளை முழுக்கக் கைதட்டல். முதல் பனியை மறைத்துக் கொடுத்து, ஏமாந்து வாங்கியவர் விருந்து வைப்பது அங்கே பழைய விளையாட்டு. மறுநாள் விடிகாலை பழைய ஸ்ரீநகரில் ஆலி கதல் பக்கம் பதினோரு பேருக்கு ஹரீஸா (ராத்திரி முழுக்க வேகவைத்து மசித்த கறி), ரொட்டி, என் செலவில். அடுத்த வருடம் அவனைப் பழிவாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். மார்ச்சிலேயே மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது.