பழைய காரில் விளக்கும் ஹாரனும் அவ்வப்போது செத்துப்போவது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மழை நாளிலும் மேடுபள்ளத்திலும் முகப்பு விளக்கு மங்குகிறது, ஹாரன் நின்றுவிடுகிறது, பிறகு தானாகவே சரியாகிறது, ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

தயவுசெய்து பாகங்களை மாற்றிப் பணத்தைக் கரைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து படுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த் இணைப்பைத்தான், அதாவது மின்சாரம் காரின் உடல் வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பை; டர்பனின் உப்புக் காற்று அதை அரித்துவிடும். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரை (மின் அளவுமானி) டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை விளக்கின் எர்த் வயரிலும் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை இருக்கிறது. ஓம் அளவை, அதாவது மின்தடை அளவை, மட்டும் நம்பவே நம்பாதீர்கள்: வயரில் ஒரே ஓர் இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் நல்லதென்றே சொல்லும், விளக்கு எரிந்து மின்சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். எண்ணைப் பார்த்தபடியே வயரை ஆட்டுங்கள். எண் துள்ளும் இடத்தில் போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.