தொட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் குப்பையைக் கொட்டிப் பாருங்கள்

விழுப்புரம் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் பசுமைப் படையும் (பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம்) அவர் பொறுப்புதான். பள்ளியில் குப்பையைக் குறைக்க ஓவியப் போட்டி, முழக்கம் எழுதுவது, மஞ்சப்பை ஊர்வலம் எல்லாம் நடத்தியாயிற்று. மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்கு நீலம் என்று தொட்டி வாங்கி வைத்தார்கள், ஒரே வாரத்தில் இரண்டிலும் ஒரே குப்பை. இடைவேளை முடிந்தால் மைதானம் முழுக்கத் தீனிப் பாக்கெட். "கேட்டால் எல்லாம் சொல்கிறார்கள், செய்வதில்லை. வாரம் ஒரு பாடவேளைதான் கிடைக்கும், பணமும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது? பரிசு கொடுத்தால் வேலை நடக்குமா?" என்பது அவர் கேள்வி.

டீச்சர், பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் சொல்வது பாதிதான் சரி. பிளாஸ்டிக் மக்காது என்று தெரியும். ஆனால் உங்கள் பள்ளியில் ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை சேர்கிறது, அதில் என்னென்ன இருக்கிறது, சாயங்காலம் அதை யார் எடுக்கிறார்கள், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆசிரியர் அறையில் கேட்டாலும் அநேகமாக அதே கதைதான். அங்கே ஆரம்பியுங்கள். தொட்டி அப்புறம்.

ஒரு நாள் குப்பையை, கழிவறைக் குப்பை தவிர, வெளியே போகவிடாமல் சேர்த்து வையுங்கள். பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை மைதானத்து மர நிழலில் விரித்து அதில் கொட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கையுறை, இடுக்கி, முகக்கவசம் கண்டிப்பாக வேண்டும். பிளேடு, உடைந்த கண்ணாடி, மாத்திரை அட்டை, பேட்டரி இவை கண்ணில் பட்டால் நீங்கள் மட்டுமே எடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பிரிக்கச் சொல்லுங்கள்: காகிதம், அட்டை, சோறும் காய்கறித் தோலும், சருகு, பால் கவர், பாட்டில், உள்பக்கம் வெள்ளியாய் மின்னும் தீனிப் பாக்கெட், எழுதித் தீர்ந்த பேனா, இப்படி. ஒவ்வொரு குவியலையும் எடை போடுங்கள் (சத்துணவு மையத்தில் தராசு இருக்கும்). எண்ணக்கூடியதை எண்ணவும் செய்யுங்கள். எடை, எண்ணிக்கை இரண்டுமே வேண்டும். தீனிப் பாக்கெட் ஒவ்வொன்றும் சில கிராம்கூட இருக்காது, அதனால் எடையில் அது கண்ணுக்கே தெரியாது. எண்ணினால்தான் மைதானம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். இதை நீங்கள் சொல்லக்கூடாது, அவர்களே கண்டுபிடிக்கட்டும். தலைக்கு எத்தனை கிராம், மொத்தத்தில் எத்தனை சதவீதம், பட்டை வரைபடம் என்று போனால் கணக்கு ஆசிரியரும் கூட வந்துவிடுவார், உங்களுக்கு இன்னொரு பாடவேளை கிடைத்த மாதிரி.

அடுத்த வாரம், பிரித்த ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு ஐந்தாறு பிள்ளைகளோடு பக்கத்தில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, கூட்டம் இல்லாத நேரமாகப் போவது நல்லது. எதை வாங்குவீர்கள், கிலோ என்ன விலை, இதை ஏன் வாங்க மாட்டீர்கள் என்று பிள்ளைகளே கேட்கட்டும். நோட்டு, அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், உடைந்த வாளி, இரும்பு, அலுமினியம் இதெல்லாம் வாங்குவார். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பல கடைகளில் எடுப்பார்கள். தீனிப் பாக்கெட்டையும் பேப்பர் கப்பையும் பால்பாயிண்ட் பேனாவையும் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுசுழற்சி என்பது பொருளின் குணம் மட்டும் இல்லை, உங்கள் ஊரில் அதை வாங்க ஆள் இருக்க வேண்டும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தக் கடை வாசலில் அரை மணி நேரத்தில் புரிந்துகொள்ளும். நான் எத்தனை வகுப்பெடுத்தாலும் அந்த அளவுக்குப் புரியவைக்க முடியாது.

ஏன் வாங்க மாட்டார் என்பதை வகுப்பில் வைத்துச் செய்து காட்டலாம். தீனிப் பாக்கெட்டைக் கையில் கசக்கிவிட்டு விரலை விரியுங்கள், சரசரவென்று விரிந்துகொள்ளும். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கினால் கசங்கியபடியே கிடக்கும். பாக்கெட்டில் இருப்பது பிளாஸ்டிக் படலங்கள், அதன்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதைத் திரும்பப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. ஒழுங்காகச் சேகரித்தாலும் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதுதான் அநேகமாக அதன் கதி. பேப்பர் கப்பைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, நன்றாக ஊறிய பிறகு உள்பக்கத்தை நகத்தால் நெருடினால் மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஏன் சேர்ந்தது என்பதற்கு அந்தத் தோலே பதில். இன்னொன்று, தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் சின்னத் துண்டுகளாக நறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மூடித் துண்டுகள் மிதக்கும், பாட்டில் துண்டுகள் அடியில் போய்விடும். மறுசுழற்சி ஆலைகளிலும் இந்த மிதக்கும், மூழ்கும் வித்தையை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். அடர்த்தி பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

கடைக்காரர் திருப்பிக் கொடுத்த பொருள்கள்தான் உங்கள் உண்மையான வேலை. அவற்றுக்குத் தொட்டி வைத்துப் பயனில்லை, வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள், ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். பேனாவில் ஆரம்பிக்கச் சொல்வேன், சுலபம். தீர்ந்த பேனாவையெல்லாம் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மேசைமேல் வையுங்கள், ஜாடி நிரம்புவதைப் பார்த்தாலே மை பேனாவும் ரீஃபிலும் பற்றிப் பேச்சு தானாக வரும். பிறந்தநாளுக்கு வகுப்புக்கே சாக்லேட் கொடுக்கும் பழக்கத்தை மாற்றுவதும் அப்படித்தான், டப்பாவில் கடலை மிட்டாய் கொண்டு வரலாம், வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுக்கலாம், எதுவுமே கொண்டு வராமலும் இருக்கலாம், அதையும் கௌரவமாகச் சொல்லுங்கள்.

தீனிப் பாக்கெட் விஷயம்தான் கொஞ்சம் நிதானமாகக் கையாள வேண்டியது. காலை உணவுத் திட்டம் 5-ம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் காலையில் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகள் நிற்கிறார்கள், அவர்களில் சிலருக்கு அந்த ஐந்து ரூபாய் பாக்கெட்தான் காலைச் சாப்பாடு. அதனால் "யார் இதை வாங்கியது" என்று வகுப்பில் நிறுத்தி வைத்துக் கேட்பதோ, பாக்கெட்டோடு பிடிபட்டவனைக் குப்பை பொறுக்கச் சொல்வதோ கூடவே கூடாது. பசித்து வருகிற பிள்ளை யார் என்று தெரிந்துகொண்டு அதற்கு முதலில் வழி பாருங்கள். பிறகு வாசல் கடைக்காரரிடம் பிள்ளைகள் தங்கள் கணக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பேசட்டும்: கொய்யா, வெள்ளரி, நெல்லிக்காய், மாங்காய்க் கீற்று, கிண்ணத்தில் சுண்டல் வையுங்கள், நாங்கள் டப்பா கொண்டு வருகிறோம் என்று. பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி விற்கக்கூடாது என்று 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதியும் இருக்கிறது. அதை மிரட்டலாகக் கொண்டுபோகாமல், அவருக்கு வியாபாரம் போகாத மாதிரி மாற்று சொல்லிவிட்டுப் பேசினால் காது கொடுப்பார்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள், 'கழிவிலிருந்து கலைப்பொருள்' கண்காட்சி. பாட்டிலில் பென்சில் தாங்கி செய்யவேண்டும் என்பதற்காக வீட்டில் அடம்பிடித்துக் குளிர்பானம் வாங்கவைக்கிற பிள்ளைகள் உண்டு. அதன்மேல் புதுத் தெர்மகோல், புது ஜிகினா, பசை எல்லாம் ஏறி, கண்காட்சி முடிந்த மறுநாள் கடைக்காரர்கூட வாங்காத குப்பையாகிவிடும். சும்மா விட்டிருந்தால் அந்தப் பாட்டிலாவது விலை போயிருக்கும்.

மக்கும் குப்பை முழுக்க உங்கள் கையிலேயே இருக்கிறது. சத்துணவில் காய்கறித் தோல், மீந்த சோறு, முட்டை ஓடு, முட்டை சாப்பிடாத பிள்ளைகளின் வாழைப்பழத் தோல், இதோடு மைதானத்து வேம்பும் புங்கமும் உதிர்க்கிற சருகு. பல பள்ளிகளில் அந்தச் சருகைக் கூட்டி மூலையில் கொளுத்திவிடுகிறார்கள், அதில் பாக்கெட்டும் சேர்ந்து எரியும். அந்தப் புகையைத்தான் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள், அதை முதல் நாளே நிறுத்துங்கள். மூன்றடி நீள அகலத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி மூன்றடி உயரத்துக்கு ஒரு தொட்டி கட்டினால் போதும். ஒரு கூடை சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை சருகு, மேலே ஒரு கை மண்ணோ மோரோ சாணிக்கரைசலோ. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை அல்லது காற்று போகவில்லை என்று அர்த்தம், கிளறிவிட்டுச் சருகு போடுங்கள். அப்படியே கிடக்கிறது, சூடே இல்லை என்றால் பெரும்பாலும் ஈரம் போதவில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகக்கூடாது. வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். நடுவில் வெப்பமானியைச் செருகிப் பிள்ளைகள் தினமும் குறித்து வைக்கட்டும், 50 டிகிரியைத் தாண்டுவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். ஆனால் உரம் போடுவதற்காகச் சோறு மீந்தால் பரவாயில்லை என்று ஆகிவிடக்கூடாது, தட்டில் மீந்துபோவதைத் தனியாக எடை போட்டு, கேட்டதை மட்டும் பரிமாறும் வழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

யார் அள்ளுவது என்ற விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் ஊரில் குப்பை வேலை சாதியோடு ஒட்டிக் கிடக்கிறது, தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். முறை வைத்து எல்லோரும் செய்ய வேண்டும், பெண் பிள்ளைகள் பெருக்குவது பையன்கள் தூக்குவது என்றும் பிரியக்கூடாது, நீங்களும் தலைமையாசிரியரும் அந்த முறையில் இருக்க வேண்டும். தண்டனையாகக் குப்பை வேலை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கழிவறையை இந்தத் திட்டத்துக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். ஊராட்சித் தூய்மைக் காவலரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிரிக்காத குப்பையைத் தொடும்போது கையில் என்னவெல்லாம் குத்துகிறது என்று அவர் வாயால் கேட்கவையுங்கள். பிளேடைத் தாளில் சுற்றிக் கொடுக்கிற பழக்கம் அன்றைக்கே வந்துவிடும்.

அவரிடம் இன்னொன்றும் பேசி முடிக்க வேண்டும். நீங்கள் பிரித்துக் கொடுப்பதை அவர் வண்டியில் தனித்தனியாகவே ஏற்ற முடியுமா, எந்தக் கிழமை வருவார் என்று. பிள்ளைகள் கண்முன்னால் இரண்டு தொட்டியும் ஒரே வண்டியில் கொட்டப்பட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது. இதெல்லாம் ஆன பிறகு அந்தப் பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் வெளியே எடுங்கள். வகுப்புக்கு வகுப்பு வேண்டாம், பச்சை கைகழுவும் இடத்தில், நீலம் வாசல் பக்கம், வகுப்பில் காகிதத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. தொட்டிமேல் எழுதுவதைவிட உண்மையான பொருளையே ஒட்டிவிடுங்கள், 1-ம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

பரிசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிகக் குப்பை கொண்டு வந்த வகுப்புக்குப் பரிசு என்று வைத்தால் வீட்டுக் குப்பையெல்லாம் பள்ளிக்கு வந்துவிடும், அது வேண்டாம். கடையில் காகிதமும் பாட்டிலும் விற்ற காசை ஒரு நோட்டில் வரவு எழுதி, என்ன செய்வது என்று பிள்ளைகளையே கூடித் தீர்மானிக்க விடுங்கள், பந்து வாங்கினாலும் சரிதான். பருவத்துக்கு ஒருமுறை அதே பிளெக்ஸை விரித்து மறுபடி எடை போட்டு, பழைய வரைபடத்துக்குப் பக்கத்தில் புதியதை ஒட்டுங்கள். குறையவில்லை என்றால் குறையவில்லை என்றே ஒட்டுங்கள், ஏன் என்று அடுத்த பாடவேளையில் பேசலாம்.