வீட்டில் கிடக்கும் பொருள்களை வைத்தே ஸ்டீல்ஹெட் மீனுக்கு ஃப்ளை கட்ட முடியுமா?

முடியும். ஃப்ளை என்றால் தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, ரோமம் எல்லாம் கட்டிப் பூச்சி மாதிரி செய்யும் பொய் இரை. முள்ளை மட்டும் கடையில் வாங்குங்கள். மற்றதெல்லாம் தேடினால் வீட்டிலேயே அகப்படும்.

வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிவந்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. தெரியாதவர்களுக்கு: கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ டிரவுட்தான் ஸ்டீல்ஹெட். ஆறேறி வரும்போது அது பெரிதாக இரை தேடுவதில்லை. மூக்குக்கு முன்னால் ஏதாவது நெளிந்து போனால் எரிச்சலிலோ பழக்கதோஷத்திலோ கவ்விவிடும். அதனால் அச்சு அசலாகப் பூச்சி செய்யத் தேவையில்லை. நீரில் அசைய வேண்டும், கலங்கலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் முதலில் கட்டியது கிரீன் பட் ஸ்கங்க். இந்தப் பக்கத்து ஆறுகளில் பழைய, பேர்போன வடிவம். சிவப்பு வால், அதையொட்டிப் பளீர்ப் பச்சை, கறுப்பு உடல், உடலைச் சுற்றி வெள்ளி இழை, கழுத்தில் கறுப்பு இறகு, முதுகில் வெள்ளை ரோமம். உடலுக்கு மனைவி பின்னி மிச்சம் வைத்த கம்பளி நூல். சிவப்பு, பச்சை, கறுப்பு இறகு மூன்றும் மகளின் கைவேலைப் பெட்டியில் இருந்தன (கேட்காமல் எடுத்தேன், மாட்டிக்கொண்டேன்). ரோமம், பக்கத்து வீட்டு நாய்க்கு முடி வெட்டியபோது வாலிலிருந்து விழுந்தது.

வெள்ளி இழைக்குத்தான் யோசித்தேன். ஓவல் டின்சல் என்று கடையில் விற்பது, நூலின் மேல் மெல்லிய உலோகத் தகட்டைச் சுற்றியது. நம்ம ஜரிகையும் அதேதானே! கிழிந்த பட்டுப் பாவாடைக் கரையிலிருந்து ஒரு முழம் உருவினேன். வெள்ளிக்குப் பதில் பொன்னிறம். மீன் ஒன்றும் கேட்கவில்லை.

முள்ளைப் பிடிக்கத் தனிக் கருவி வாங்கவில்லை. வைஸ்கிரிப் குறடு கவ்விக்கொள்ளும். கடைசி முடிச்சின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. குளிர்காலத்தில் ஃப்ளை ஆழம் போக வேண்டுமென்றால், விளக்கை இழுத்து அணைக்கும் மணிச் சங்கிலியிலிருந்து இரண்டு மணியை வெட்டிக் கண்களாகக் கட்டலாம்.

புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். நூலை முள்ளின் காது வரைக்கும் சுற்றிவிட்டேன். விடிகாலை ஸ்கைகோமிஷ் ஆற்றங்கரையில், விறைத்த விரலோடு தூண்டில் நரம்பைக் கோக்கப் பார்த்தால் ஓட்டையே இல்லை, பாலிஷ் அடைத்துக் கிடக்கிறது. காதுக்குப் பின்னால் ஒரு அரிசி நீளம் வெறுமனே விட்டுத் தொடங்குங்கள்.

நடைபாதையில் கிடக்கும் இறகைப் பொறுக்காதீர்கள். அமெரிக்காவில் 1918-ம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி, நாரை, காக்கை போன்ற பெரும்பாலான உள்நாட்டுக் காட்டுப் பறவைகளின் இறகு, கீழே கிடந்து எடுத்ததானாலும் வைத்திருக்கக் கூடாது. வீட்டுக் கோழி இறகு போதும்.

முள்ளில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய முள்ளை இந்த மீன் நிமிர்த்திவிட்டுப் போய்விடும். முள் நுனிக்குப் பக்கத்தில் பின்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்; இங்கே பல ஆறுகளில் அது சட்டம். முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் சின்னக் கொழுப்புத் துடுப்பு இருந்தால் அது காட்டு மீன் (பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு அதை வெட்டியிருப்பார்கள்), திருப்பி விட்டுவிட வேண்டும்.

ஜரிகை ஃப்ளையில் மீன் விழுந்ததா? இரண்டு குளிர்காலத்துக்கு ஒன்றே ஒன்று. துடுப்பு இருந்தது, விட்டுவிட்டேன். மூன்றாவது குளிர்காலத்தில் ஃப்ளையைப் பாறை வாங்கிக்கொண்டது. பாவாடையில் இன்னும் நாலு முழம் பாக்கி இருக்கிறது.