எட்டு ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்

கேள்வி: 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது வெறும் அதிர்ஷ்டம் என்று என் நண்பன் சாதிக்கிறான். என்ன பதில் சொல்ல? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: நண்பருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன். 1982 பெப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்துக்கு எதிரான நமது முதலாவது டெஸ்ட்டின் நான்காம் நாள். பொரளை சரவணமுத்து மைதானத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். இரண்டாம் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுக்கு 167. இன்னும் எவ்வளவு சேர்த்தால் வெல்லலாம் என்று பக்கத்துப் பெரியவர் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஜோன் எம்புரியின் சுழல் எடுபடத் தொடங்கியது. என் கச்சான் சுருள் காலியாவதற்குள் 175க்கு எல்லோரும் ஆட்டமிழந்துவிட்டார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏழு விக்கெட்டுகளால் தோற்றோம்.

அந்த டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 54 ஓட்டங்கள் எடுத்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இலங்கை வீரர் ஒருவரின் முதல் டெஸ்ட் அரைச்சதம் அதுதான். பதினான்கு வருடங்கள் கழித்து, 1996 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், லாகூரில் அவுஸ்திரேலியாவின் மெக்ராத்தின் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு வெற்றி ஓட்டத்தை எடுத்தவரும் அவரேதான்: அர்ஜுன ரணதுங்க. அன்று நாணயச் சுழற்சியில் வென்றும் அவர் களத்தடுப்பைக் கேட்டார். அதுவரை நடந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்த அணியே வென்றிருந்தது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட் போனதும் எனக்கு அந்தச் சிகரெட் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அரவிந்த டி சில்வா கடைசிவரை நின்று 107 எடுத்தார். முன்னதாகப் பந்துவீச்சில் மூன்று விக்கெட்டும் அவருக்கே.

அந்தத் தொடரில் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்ததால் புள்ளிகள் சும்மா கிடைத்தன என்று நண்பர் வாதாடலாம். உண்மைதான். அதே அவுஸ்திரேலியாவைத்தானே லாகூரில் வீழ்த்தினோம்?

கேள்வி: நமது கிரிக்கெட்டில் தமிழர் என்றால் முரளிதரன் மட்டும்தானா? (வாசகி, வவுனியா)

பதில்: மேலே சொன்ன மைதானத்தின் பெயரைப் பாருங்கள், அம்மா. பாக்கியசோதி சரவணமுத்து, கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். மகாதேவ சதாசிவம் 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தார். மறு வருடம் பிரட்மனின் அணி கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியபோது, இலங்கை அணியின் தலைவரும் அவர்தான். நாம் டெஸ்ட் தகுதி பெற்றது 1981இல். அதற்குள் அவருடைய காலம் போய்விட்டது. முரளிதரனுக்கோ காலம் ஒத்துழைத்தது. 2010இல் காலியில் கடைசி டெஸ்ட்டுக்கு இறங்கும்போது கையில் 792 விக்கெட்டுகள். எட்டாவதாக இந்தியாவின் ஓஜா கொடுத்த பிடியை மஹேல எடுத்தார். 800.

கேள்வி: மகளிர் அணியைப் பற்றி எழுதவே மாட்டீர்களா? (வாசகி, ஹட்டன்)

பதில்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. தனியாகவே எழுதுகிறேன்.

கேள்வி: 2023இல் இந்தியாவிடம் ஒரு முறை 50, இன்னொரு முறை 55 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். நமது கதை முடிந்ததா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தம்பி, அந்த இரண்டு நாளும் நான் வானொலியை அணைத்துவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் லண்டன் ஓவல் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவின் தொம்சனின் பந்துகள் பட்டு துலீப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் அங்கிருந்துதான் மருத்துவமனைக்குப் போனார்கள். அப்படியும் நான்கு விக்கெட்டுக்கு 276 எடுத்தோம். 1998இல் அதே இடத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட்டில் முரளிதரன் 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 2024 செப்டம்பரில் அங்கேயே இங்கிலாந்துக்கு எதிராக 219 ஓட்டங்களைத் துரத்தியபோது பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127. எட்டு விக்கெட்டுகளால் வெற்றி. அன்று வானொலியை அணைக்கவில்லை.